முதலில் படுப்பது மனிதன்: விலங்குகளில் கிளாமிடியாவைக் கண்காணிப்பது ஏன் இவ்வளவு சிரமம்?

2014 நவம்பர். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஒரு குதிரைப் பண்ணை. ஒரு பெண் குதிரையின் பிரசவம் சரியாக அமையவில்லை. அதன் நஞ்சுக்கொடி, வாகா வாகா ஊரில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனது. கொடியை மேசையில் விரித்து, எங்கே கிழிந்திருக்கிறது, எங்கே நிறம் மாறியிருக்கிறது என்று கையால் தடவிப் பார்ப்பது அங்கே அன்றாட வேலைதான். கொஞ்ச நாளில் அந்தக் கொடியோடு சம்பந்தப்பட்ட ஐந்து பேருக்கு அடுத்தடுத்து உடம்புக்கு முடியாமல் போயிற்று. சோதனைகள் கடைசியில் சொன்ன பெயர் சிட்டகோசிஸ். நம் வழக்கில் சொன்னால் கிளிக்காய்ச்சல், கிளாமிடியா குடும்பத்துப் பாக்டீரியா ஒன்றால் வருவது.

அந்த மேசையைச் சுற்றி ஒரு கிளிகூட இல்லை.

கிளி, புறா, வாத்து இவற்றிடமிருந்து மனிதருக்கு வரும் நோய் என்றுதான் அதுவரை பாடப்புத்தகங்களில் இருந்தது. குதிரையிடமிருந்து வந்ததாக யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. 2016-இல் அதே மாநிலத்தின் ஹண்டர் பள்ளத்தாக்கில், பந்தயக் குதிரை வளர்ப்புக்குப் பேர்போன பகுதியில், சினைக் குதிரைகள் வரிசையாகக் குட்டியை இழந்தபோது மறுபடி இதே கிருமி அகப்பட்டது. மரபணு வரிசையைப் பார்த்தால், அந்த ஊர்க் காட்டுக் கிளிகளிடம் இருக்கும் வகையோடு ஒத்துப்போனது. மேய்ச்சல் நிலத்தில் விழுந்த எச்சம் வழியாகக் குதிரைக்குப் போயிருக்கலாம் என்பது ஊகம். சரி, இது புதிதாக முளைத்த தொல்லையா? உறைபெட்டியில் கிடந்த பழைய கருச்சிதைவு மாதிரிகளை எடுத்துத் திரும்பச் சோதித்தார்கள். பல ஆண்டுகளுக்கு முந்தைய மாதிரிகளிலும் கிருமி இருந்தது. குதிரைகள் ரொம்ப நாளாகவே சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றன. கேட்கத்தான் ஆள் இல்லை.

கிளாமிடியாவின் வரலாறு நெடுகிலும் இதே கதைதான் திரும்பத் திரும்ப வருகிறது. முதலில் மனிதன் படுக்கிறான். அப்புறம்தான் பறவையையோ ஆட்டையோ தேடிப் போகிறார்கள். கண்காணிப்பு என்று நாம் சொல்லும் ஏற்பாட்டின் முழு நோக்கமும் இந்த வரிசையைத் திருப்பிப் போடுவதுதான். நூறு வருடமாக முயன்றும் அது அரைகுறையாகவே நடந்திருக்கிறது. காரணத்தின் ஒரு பாதி கிருமியின் குணத்தில் இருக்கிறது, மறுபாதி நம்மிடம்.

முதலில் கிருமி. கிளாமிடியா என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது மனிதருக்குப் பாலுறவில் தொற்றும் நோய். அது டிரக்கோமாட்டிஸ் என்ற ஒரு இனம். பார்வையைப் பறிக்கும் டிரக்கோமா என்ற கண்நோயும் அதன் வேலைதான். அதே குடும்பத்தில் விலங்குகளோடு வாழும் உறவினர் ஏராளம். பறவைகளில் சிட்டாசி, ஆடுகளில் அபார்ட்டஸ், பூனையில் ஃபெலிஸ், பன்றியில் சூயிஸ், கினிப்பன்றியில் கேவியே, மாடு, ஆடு, ஆஸ்திரேலியாவின் மரவாழ் விலங்கான கோலா எல்லாவற்றிலும் பெக்கோரம். பாம்பு, முதலையில் இருப்பவைகூட உண்டு.

எல்லாவற்றுக்கும் பிழைப்பு முறை ஒன்றே. உயிரணுவுக்கு வெளியே இருக்கும்போது இது விதை மாதிரி. ஒரு மில்லிமீட்டரில் மூவாயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள, கெட்டியான ஓடு கொண்ட, எதுவும் செய்யாத துகள். காய்ந்த எச்சத் தூளில் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். யாராவது மூச்சோடு இழுத்துவிட்டால், உயிரணுவுக்குள் புகுந்து, ஒரு பைக்குள் இடம் பிடித்து, ஓட்டைக் கழற்றிவிட்டுப் பெருகத் தொடங்கும். இரண்டு மூன்று நாளில் நூற்றுக்கணக்கில் மறுபடி விதைகளாகி, உயிரணுவை உடைத்துக்கொண்டு வெளியேறும். சூழ்நிலை சரியில்லை என்றால், உள்ளேயே பெருகாமல் சாகாமல் கிடக்கவும் தெரியும். கண்காணிப்பவர்களுக்குத் தலைவலி இந்தக் கடைசிக் குணம்தான். உடம்பில் கிருமி இருக்கும், எச்சத்தில் இருக்காது. பறவை நன்றாகச் சாப்பிடும், கத்தும், கொஞ்சும். பிறகு ஒருநாள் அதைக் கூண்டில் அடைத்து லாரியில் ஏற்றுவீர்கள், அல்லது இறகு உதிர்க்கும் பருவம் வரும், அல்லது குஞ்சு பொரிக்கும். அந்த அலைச்சலில் கிருமி வெளியே கொட்ட ஆரம்பிக்கும்.

1879-இல் சுவிட்சர்லாந்தின் உஸ்டர் ஊரில் யாக்கோப் ரிட்டர் என்ற மருத்துவர் தன் சகோதரர் வீட்டிலேயே இதைப் பார்த்தார். ஏழு பேருக்கு விசித்திரமான நிமோனியா, மூன்று பேர் இறந்தார்கள். வீட்டின் படிப்பறையில் புதிதாக வந்த கிளிகளும் குருவிகளும் இருந்தன. நோய் அந்த அறையிலிருந்து வருகிறது என்று ரிட்டர் சரியாகவே கணித்தார். நுண்ணோக்கியில் எதுவும் தெரியாத காலம் அது. இன்றைக்கும் கிளிக்காய்ச்சல் விசாரணையின் முதல் கேள்வி அவருடையதுதான்: 'வீட்டில் பறவை இருக்கிறதா?'

ஐம்பது வருடம் கழித்து இது உலகச் செய்தி ஆனது. 1929 கடைசியில் தென் அமெரிக்கக் கிளிகள் கிறிஸ்துமஸ் பரிசாக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீடு வீடாகப் போயின. மேரிலாந்தின் அனாபொலிஸில் ஒரு குடும்பம் படுத்ததிலிருந்து தொடங்கி, அமெரிக்காவில் மட்டும் 169 பேருக்கு நோய், 33 சாவு. வாஷிங்டனில் இருந்த அரசு ஆய்வகத்தில் சார்லஸ் ஆம்ஸ்ட்ராங்கும் உதவியாளர் ஹென்றி ஆண்டர்சனும் நோயுற்ற கிளிகளை அடித்தளத்தில் வைத்துச் சோதித்தார்கள். ஆண்டர்சன் இறந்துபோனார். ஆம்ஸ்ட்ராங் சாவின் விளிம்பு வரை போய்த் திரும்பினார். அதோடு நிற்கவில்லை. கிளிகள் இருந்த பக்கமே எட்டிப் பார்க்காத மேல்மாடிக்காரர்களும் படுக்க ஆரம்பித்தார்கள். இயக்குநர் ஜார்ஜ் மெக்காய் கட்டடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டு, சோதனை விலங்குகளைத் தானே கொன்று, புகையூட்டி மூடினார். சில மாதம் கழித்துத்தான் அந்த ஆய்வகம் இன்று உலகம் அறிந்த தேசிய சுகாதார நிறுவனமாகப் பெயர் மாறியது. அதிபர் ஹூவர் 1930 ஜனவரி 24-இல் கிளி இறக்குமதிக்குத் தடை போட்டார்.

தடை போட்டால் தீர்ந்ததா? கலிஃபோர்னியாவில் பொருளாதார மந்தத்தில் வேலை போனவர்கள் கொல்லைப்புறத்தில் லவ் பேர்ட்ஸ் வளர்த்து விற்றுக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டுக் கிளியைத் தடுத்தாயிற்று. நோயோ கொல்லைப்புறத்திலேயே இருந்தது. அங்கேதான் கார்ல் மேயர் என்ற ஆய்வாளர், முறையான பறவைக் கண்காணிப்பு என்று சொல்லத்தக்க முதல் வேலையைச் செய்தார். ஒவ்வொரு வளர்ப்பாளரிடமிருந்தும் சில பறவைகளை வாங்கி, கொன்று, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்து, அதை அரைத்து எலிக்கு ஊசி போட்டு, எலி சாகிறதா என்று காத்திருந்தார். சாகாவிட்டால் அந்தக் கூட்டத்துக்குச் சான்றிதழ். பார்க்க நலமாக இருந்த பறவைகள் நிறையவே கிருமியைச் சுமந்தன என்பது இந்த வேலையில்தான் உறுதியானது. இதன் ஓட்டையும் அப்போதே தெரிந்துவிட்டது. சான்றிதழ் வாங்கிய மறுநாள் பக்கத்து வீட்டுக்காரரிடம் நாலு பறவை வாங்கிச் சேர்த்தால் கதை மறுபடி முதலிலிருந்து. ஒரு நாள் எடுத்த புகைப்படத்தை வைத்து வருடம் முழுக்க ஒருவரைக் கண்காணிக்க முடியாது இல்லையா, அதுபோலத்தான்.

இன்றைக்கு எலி வேண்டாம், கிருமியின் மரபணுவைப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் சோதனை இருக்கிறது. ஆனால் சிக்கலின் வடிவம் மாறவில்லை. ஒரு கிளியைச் சோதிக்க வேண்டுமென்றால் கண் இமையின் உட்புறம், மேல்வாயில் இருக்கும் பிளவு, பின்துளை என்று பஞ்சுக் குச்சியால் தடவி எடுப்பார்கள். மூன்று இடத்தையும் ஒரே குச்சியால் எடுத்தால் செலவு குறையும், கண்டுபிடிக்கும் வாய்ப்பு கூடும். குச்சியே மரமாக இருந்தால், அதிலுள்ள பொருட்கள் சோதனையைக் கெடுக்கும். பிளாஸ்டிக் தண்டுதான் நல்லது. பறவையைப் பிடிக்கவே முடியாது என்றால், கூண்டுத் தட்டில் தாள் விரித்து மூன்று முதல் ஐந்து நாள் எச்சத்தைச் சேர்த்து ஒன்றாக அனுப்புவார்கள். கிருமி தினமும் வெளியே வராது என்பதால்தான் இந்தப் பல நாள் சேமிப்பு. ஒரு நாள் எச்சத்தில் இல்லை என்று வந்தால், அன்றைக்கு இல்லை என்று மட்டுமே பொருள்.

இருக்கிறது என்று வந்தாலும் பிசிஆர் சொல்வது மரபணுத் துண்டு இருக்கிறது என்பதைத்தான். அது உயிரோடு இருக்கும் கிருமியா, மருந்தில் செத்ததன் மிச்சமா என்று சொல்லாது. கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை ரத்தத்தில் தேடினால் வேறு குழப்பம். எதிர்ப்பொருள் என்பது எப்போதோ சந்தித்த பழைய அறிமுகம். நேற்றா, போன வருடமா தெரியாது. ஒரு இனத்துக்கு எதிரானது இன்னொரு இனத்துக்கான சோதனையிலும் 'இருக்கிறது' என்று காட்டுவதும் உண்டு. லவ் பேர்ட்ஸ் அளவுள்ள பறவையிடமிருந்து எவ்வளவு ரத்தம்தான் எடுப்பது? உயிரோடு வளர்த்துப் பார்ப்பதுதான் சந்தேகமில்லாத வழி. அதற்கு உயிரணு வளர்ப்போ கரு வளரும் கோழிமுட்டையோ வேண்டும். கூடவே, உள்ளே இருக்கும் காற்று வடிகட்டாமல் வெளியே போகாத உயர் பாதுகாப்பு ஆய்வகமும் வேண்டும். ஆண்டர்சனுக்கு நடந்தது நினைவிருக்கும்.

இனி, நம்மிடம் இருக்கும் மறுபாதி. எதைத் தேடுகிறோமோ அதுதான் கிடைக்கும்.

கோழிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். வான்கோழிக்கும் வாத்துக்கும் சிட்டாசி வரும், பண்ணைகளிலும் வெட்டுக்கூடங்களிலும் வேலை செய்பவர்களுக்கு அது தொற்றும் என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். கோழிக்கு அவ்வளவாக வராது என்று ஒரு நம்பிக்கை. பிரான்சில் கோழி வெட்டுக்கூடத் தொழிலாளர்களுக்கு நிமோனியா வந்து தேடிப் போனபோது, கோழிகளிடம் கிளாமிடியா இருந்தது. ஆனால் சிட்டாசிக்கான சோதனையில் சிக்கவில்லை. 2014-இல்தான் அதற்குக் கேலினேசியா என்று தனிப்பெயர் கிடைத்தது. புறா, கிளிகளில் இருந்த இன்னொன்றுக்கு ஏவியம் என்று அதே ஆண்டில் பெயர் வைத்தார்கள். இப்போது உலகின் பல நாடுகளில் கோழிகளிடம் சாதாரணமாகக் கிடைப்பது இந்தக் கேலினேசியாதான். அதுவரை இவை சோதனை முடிவுகளில் 'இல்லை' என்ற பத்தியிலோ, தவறாக 'சிட்டாசி' என்ற பத்தியிலோ போய் உட்கார்ந்திருந்தன. அதனால் இப்போது நல்ல ஆய்வகங்கள் முதலில் கிளாமிடியா குடும்பம் முழுவதற்குமான வலையை வீசிவிட்டு, சிக்கினால்தான் எந்த இனம் என்று பிரித்துப் பார்க்கின்றன. பெரிய வலை, பிறகு சல்லடை. கேட்கச் சின்ன விஷயம்தான். ஆனால் இந்தத் துறையில் கடந்த இருபது வருடத்தில் நடந்த மிக உருப்படியான மாற்றம் இதுவே என்பேன்.

கோழிக்கு சிட்டாசி வராது என்ற நம்பிக்கையும் நிலைக்கவில்லை. 2018-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா, ஜார்ஜியா மாநிலங்களில் இரண்டு கோழி பதப்படுத்தும் ஆலைகளில் தொழிலாளர்களுக்கு சிட்டகோசிஸ் வந்தது. அந்நாட்டில் வருடத்துக்குப் பத்துப் பேருக்கும் குறைவாகவே உறுதியாகும் நோய் இது. ஒரே கொத்தில் 13 பேருக்கு உறுதியானது. நோயே குறைவா, சோதனை குறைவா? அங்கே பெரும்பாலான மருத்துவமனைகளில் சிட்டாசிக்கான பிசிஆர் கையெட்டும் தூரத்தில் இல்லை. நிமோனியா என்று மருந்து கொடுப்பார்கள், டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் அதில் இருந்தால் குணமாகிவிடும், காரணம் தெரியாமலே கோப்பு மூடப்படும்.

எண்ணிக்கை கூடும்போதும் இதே கேள்வி வரும். 2024 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவில் சிட்டகோசிஸ் கூடியிருப்பதாக அறிவித்தது. ஆஸ்திரியா, டென்மார்க், ஜெர்மனி, நெதர்லாந்து, சுவீடன். ஐந்து பேர் இறந்திருந்தார்கள், அதில் நான்கு பேர் டென்மார்க்கில். டென்மார்க்கில் அந்தச் சில மாதங்களில் கண்டறியப்பட்டது 23 பேர். ஆஸ்திரியாவில் வழக்கமாக வருடத்துக்கு இரண்டு பேர், 2023-இல் 14 பேர். நிமோனியா வந்தவரிடம் ஒரே மாதிரியிலிருந்து பல கிருமிகளை ஒருசேரத் தேடும் சோதனைகள் அங்கே பரவலாகியிருப்பதால், முன்பு தெரியாமல் போனவை இப்போது தெரிகின்றனவோ என்ற சந்தேகம் நியாயமானது. நோய் உண்மையிலேயே கூடியிருக்கவும் கூடும். இரண்டும் சேர்ந்தே நடக்கலாம். இதைப் பிரித்துச் சொல்ல ஒரே வழி, அதே காலத்தில் பறவைகளிடம் என்ன நடந்தது என்று பார்ப்பது. அந்தத் தரவுதான் பெரும்பாலான இடங்களில் இல்லை.

இந்த ஐரோப்பியச் சம்பவத்தில் கவனிக்க வேண்டியது, நோயாளிகள் எல்லாரும் கிளி வளர்ப்பவர்கள் அல்ல. பலருக்கும் தொடர்பு காட்டுப் பறவைகளோடு, குறிப்பாகத் தோட்டத்தில் குளிர்காலத்தில் தானியம் வைக்கும் தட்டுகள் வழியாக. சின்னக் குருவிகள் கூட்டமாக வந்து தின்று எச்சமிட்டுப் போகும். வசந்தத்துக்கு முன் யாராவது அந்தத் தட்டைச் சுரண்டித் துடைப்பார்கள், தூள் பறக்கும். ஆஸ்திரேலியாவில் இதன் மறுவடிவம் புல் வெட்டும் இயந்திரம். விக்டோரியாவின் பிரைட் ஊரில் 1995-இலும், சிட்னிக்கு மேற்கே ப்ளூ மவுண்டன்ஸில் 2002-இலும் வந்த நோயாளிகளை விசாரித்தபோது, கூண்டுப் பறவையைவிடப் புல் வெட்டிய வேலைதான் முன்னால் வந்து நின்றது. மரத்திலிருந்து விழுந்த எச்சம் புல்லில் காய்ந்து கிடக்கும். வெட்டும் இயந்திரம் அதைத் தூளாக்கி முகத்தின் மீது வீசும். வெட்டிய புல்லைச் சேகரிக்கும் பையை மாட்டாமல் வெட்டியவர்களுக்கு ஆபத்து அதிகமாக இருந்தது.

எங்கள் தெருவில் ஒருவர் மொட்டைமாடியில் புறா வளர்க்கிறார், பந்தயப் புறா. காலையில் கூண்டைக் காய்ந்த விளக்குமாற்றால் பெருக்குவார். சூரிய வெளிச்சத்தில் தூள் பறப்பது கீழிருந்தே தெரியும். ஒருமுறை, "அண்ணே, தண்ணி தெளிச்சுட்டுப் பெருக்குங்களேன்" என்றேன். "வாசலா இது?" என்று சிரித்தார். வாசல் தெளிக்கும் வழக்கத்தை அப்படியே மாடிக்குக் கொண்டுபோனால் போதும் என்று அவருக்கு இன்னும் நான் புரிய வைக்கவில்லை.

கிருமி பறவையிடம் பிடிபட்டுவிட்டால் மருந்து இருக்கிறது. டெட்ராசைக்ளின் குடும்பம், வழக்கமாக 45 நாள். அத்தனை நாள் எதற்கு என்றால், உள்ளே தூங்குவது விழித்துப் பெருகும்போதுதான் மருந்து அதைக் கொல்லும். அந்த நாட்களில் பறவை கொறிப்பதற்காகக் கூண்டில் தொங்கும் கணவாய் மீன் ஓட்டினை எடுத்துவிட வேண்டும். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் ஏறவிடாது. இந்த ஒரு விவரம் தெரியாமல் வீணாகும் சிகிச்சைகள் உண்டு. பன்றிகளிடம் கதை வேறு. சூயிஸ் இனத்தில் டெட்ராசைக்ளினை மீறும் மரபணுவைச் சுமக்கும் வகைகள் 1990-களின் கடைசியில் அமெரிக்கப் பன்றிகளிடம் தெரியவந்தன, பிறகு ஐரோப்பாவிலும். தீவனத்தில் மருந்து கலந்து போட்டதன் பலன். இந்தக் குடும்பத்தில் இயற்கையில் நிலைத்துவிட்ட ஒரே எதிர்ப்புத் திறன் இது. மனிதரின் டிரக்கோமாட்டிஸுக்கு இது தாவிவிடுமோ என்பதால்தான் பன்றிகளைக் கண்காணிக்க வேண்டியிருக்கிறது. பன்றிக்கு இதனால் பெரிய நோய் ஒன்றுமில்லை.

பாலூட்டிகளில் ரொம்ப நாளாகக் கண்காணிப்பு நடப்பது செம்மறியாட்டில். அபார்ட்டஸ் இனம் 1930-களில் ஸ்காட்லாந்தில் விவரிக்கப்பட்ட கருச்சிதைவு நோயின் காரணம். இதன் தந்திரம் அசாத்தியமானது. இந்த வருடம் ஈற்றுப் பருவத்தில் ஒரு ஆடு குட்டியை வீசுகிறது, அதாவது கரு கலைகிறது. அதன் நஞ்சுக்கொடியும் நீரும் பட்ட வைக்கோலைப் பக்கத்து ஆடுகள் முகர்கின்றன, நக்குகின்றன. அவற்றுக்கு எதுவும் ஆகாது. கிருமி உள்ளே போய் எங்கோ ஒளிந்துகொள்ளும். அந்த நேரத்தில் சோதித்தால் பெரும்பாலும் எதுவும் தெரியாது. அடுத்த வருடம் சினையாகி, ஈற்றுக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது நஞ்சுக்கொடியில் பெருகி, குட்டியை வெளியே தள்ளிவிடும். வெளியில் வாங்கிய ஆடு ஒன்று மந்தைக்குள் வந்து, ஒரு வருடம் கழித்து மந்தை முழுக்கக் குட்டி வீசுகிறதே என்று மேய்ப்பவர் திகைப்பது இதனால்தான்.

ஆகவே இங்கே கண்காணிப்பவரின் கைக்குக் கிடைக்கும் ஒரே பிடி அந்த நஞ்சுக்கொடி. அதன் கெட்டித்துப்போன, அழுக்கு மஞ்சள் நிறப் பகுதியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துச் சாயமேற்றினால், நீலப் பின்னணியில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் கொத்துக்கொத்தாகத் தெரியும். மலிவான, பத்து நிமிட வேலை. ஆனால் க்யூ காய்ச்சல் கிருமியும் இதே சாயத்தில் கிட்டத்தட்ட இப்படியே தெரியும், அதுவும் குட்டி வீசவைக்கும், அதுவும் மனிதருக்குத் தொற்றும். எனவே பிசிஆர் இல்லாமல் முடிவு சொல்ல முடியாது. தடுப்பூசி இருக்கிறது, உயிருள்ள, பலவீனப்படுத்தப்பட்ட கிருமி. அந்தத் தடுப்பூசிக் கிருமியே சில ஆடுகளின் கருச்சிதைவில் கிடைத்தது, அதுவும் ஸ்காட்லாந்தில்தான். இப்போது கிருமி இருக்கிறது என்று வந்தாலும், காட்டில் திரிவதா ஊசியில் போனதா என்று அடுத்த கேள்வி.

கர்ப்பிணிகள் ஆடு ஈனும் கொட்டகைப் பக்கமே போகக் கூடாது என்று பிரிட்டனில் ஒவ்வொரு ஈற்றுப் பருவத்துக்கும் எச்சரிக்கை விடுகிறார்கள். அபார்ட்டஸ் மனிதத் தாயின் நஞ்சுக்கொடியிலும் அதே வேலையைச் செய்யும். கருவும் போகும், தாயின் உயிருக்கும் ஆபத்து. எண்ணிக்கை சொற்பம்தான். ஆனால் தொற்றினால் கொடுமை. பூனையின் கண்நோயிலிருந்து ஃபெலிஸும், கினிப்பன்றியிடமிருந்து கேவியேயும் எப்போதாவது மனிதருக்கு வருவதுண்டு. கேவியேயால் கடுமையான நிமோனியா வந்தவர்களை நெதர்லாந்தில் பார்த்திருக்கிறார்கள். அங்கே நோயாளியின் சளியிலிருந்தும் வீட்டு விலங்கிலிருந்தும் எடுத்த கிருமியின் மரபணுவை அருகருகே வைத்து ஒப்பிடுவது வழக்கமாகவே நடக்கிறது. அதனால்தான் அங்கே தெரிந்தது.

கோலாவில் மட்டும் நிலைமை தலைகீழ். இங்கே மனிதருக்குப் பயமில்லை, அந்த விலங்குக்குத்தான் ஆபத்து. பெக்கோரம் கண்ணைக் கெடுத்துக் குருடாக்கும், சிறுநீர்ப் பையைப் புண்ணாக்கும். பெண் கோலாவின் இனப்பெருக்க உறுப்புகளில் நீர்க்கட்டிகள் உண்டாக்கி மலடாக்கும். பின்புறம் நனைந்து பழுப்பேறியிருப்பதை வைத்து மரத்தின் கீழிருந்தே சிலவற்றை அடையாளம் காணலாம். மலட்டுத்தன்மை அப்படித் தெரியாது, ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். மரத்தின் உச்சியிலிருந்து இறக்கி, மயக்கி, ஸ்கேன் எடுப்பது எத்தனை கோலாவுக்கு முடியும்? அதனால் அடிமரத்தில் கிடக்கும் புழுக்கைகளைப் பொறுக்கி அதிலேயே கிருமியின் மரபணுவைத் தேடுகிறார்கள். கோலாவைத் தொடவே வேண்டாம்.

நோயைத் தேடுவது போல, நோய் இல்லாமையைத் தேடுவதும் ஒரு கண்காணிப்புதான். தெற்கு ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவுக் கோலாக்களிடம் பெக்கோரம் இல்லை என்று சோதனைகள் காட்டின. ஒரு சில கோலாக்களைக் கொண்டுபோய் விட்டதில் பெருகிய கூட்டம் அது. 2019 முடிந்து 2020 பிறந்த கோடையில் தீவின் காடுகள் எரிந்தபோது, இழந்தது வெறும் கோலாக்களை மட்டுமல்ல, நோய் தொடாத கூட்டத்தின் பெரும்பகுதியை.

நோய் கண்ட கோலாவுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பதும் கத்தி மேல் நடப்பதுதான். யூகலிப்டஸ் இலையின் நஞ்சை முறித்துச் செரிக்க உதவுவது அதன் குடலில் வாழும் நுண்ணுயிர்கள். மருந்து அவற்றையும் சேர்த்துக் கொன்றால், வயிறு நிறைய இலை இருக்க, கோலா பட்டினியில் மெலியும். சன்ஷைன் கோஸ்ட் பல்கலைக்கழகத்தில் பீட்டர் டிம்ஸ் குழுவினர் பத்து வருடத்துக்கும் மேலாக உருவாக்கிய ஒற்றைத் தவணைத் தடுப்பூசிக்கு 2025 செப்டம்பரில் அரசு அனுமதி கிடைத்தது. எந்தக் கூட்டத்துக்கு முதலில் போடுவது என்று தீர்மானிக்க இனி அந்தப் புழுக்கைத் தரவுதான் கைகொடுக்க வேண்டும்.

உலக விலங்குகள் சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில் பறவைக் கிளாமிடியாவும் செம்மறியாட்டுக் கருச்சிதைவும் இருக்கின்றன. பட்டியலில் இருப்பதும் தேடப்படுவதும் ஒன்றல்ல. இந்தியாவில் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பதே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் லவ் பேர்ட்ஸும் காக்கட்டீல் கிளியும் எல்லா ஊரிலும் விற்கின்றன. பல ஊர்ப் பறவைகள் ஒரே கூண்டில் நெருக்கியடித்துக் கடையில் நிற்கும். கிருமிக்கு இதைவிட நல்ல சந்திப்பிடம் கிடையாது. வாங்கிப் போனவருக்கு மூன்று வாரம் கழித்து நிமோனியா வந்தால், பறவை இருக்கிறதா என்று கேட்கும் மருத்துவர் எத்தனை பேர்?

ஆடு மாட்டில் கருச்சிதைவு என்றால் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது புரூசெல்லா என்ற வேறொரு பாக்டீரியா. 2019-இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்த் தடுப்புத் திட்டமும் கோமாரியையும் புரூசெல்லாவையும் குறிவைத்ததுதான். அதில் தவறில்லை, புரூசெல்லா பெரிய நோய். ஆனால் கிராமத்தில் ஒரு வெள்ளாடு குட்டி வீசினால் நடப்பது இதுதான். பெரும்பாலும் கொடியை யாராவது வெறுங்கையால் எடுத்துக் குப்பை மேட்டில் போடுவார்கள், நாய் இழுத்துக்கொண்டு போகும். கொஞ்சம் விவரமான இடமாக இருந்தால் கால்நடை மருத்துவர் ரத்தம் எடுத்து அனுப்புவார். சில நாளில் தாள் வரும்: புரூசெல்லா இல்லை. அதற்குக் கீழே மிச்சத் தாள் வெறுமையாக இருக்கும்.